தட்டணு திருப்பிக் கொடுத்த உட்கரு

டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்பார்களே, அந்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லாததற்குக் காரணம் அதன் சிறிய உருவம்தான் என்று நன்கு படித்தவர்களே நம்புகிறார்கள். நாட்டில் நிலவும் பிழைகளில் இதைவிடக் கவலைக்குரியது வேறில்லை. சிவப்பணுவுக்கும்தான் இல்லையே என்பீர்கள். அது வேறு குடும்பத்துச் சண்டை.

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவை எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, தட்டணுவுக்கும் உட்கரு இருந்தது. அதன் நினைவெல்லாம் அதில்தான். செண்பகவல்லி என்பவளின் இரத்தத்தில் அது வாழ்ந்தது. அவளுடைய சினைப்பை மாதம் ஒருமுறை பிளந்து ஒரு முட்டையை வெளியே விடும். "தம்பி, வாடா" என்று கூப்பிடும். தட்டணு ஓடிப்போய்ப் புண்ணை மூடிப் படுத்துக்கொள்ளும். அடிபட்டவரிடம் ஊர் பேர் கேட்பது அதன் குலத்தில் மரியாதை இல்லை.

ஒருநாள் சினைப்பைப் பக்கமிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. "ஐயோ, காயம்!"

போனால், கீறல்கூட இல்லாத ஓர் அணு.

"எங்கேப்பா புண்?"

"உள்காயம், அண்ணே. வெளியே தெரியாது. குளிருது, சீக்கிரம் மூடுங்க."

தட்டணு மூடியது. காவல் சுற்றும் வெள்ளணு வந்து நின்றது.

"உனக்கு அடியில யாருடா?"

"நம்ம ஆள்தான், மாமா. அடிபட்டுக் கிடக்கான்."

"முகத்தைக் காட்டச் சொல்லு."

"கட்டுப் போட்ட புண்ணை யாராவது பிரிப்பாங்களா? போங்க மாமா, வேலையைப் பாருங்க."

வெள்ளணு முணுமுணுத்தபடி போய்விட்டது.

அடியில் கிடந்தது இரண்டாகி, நூறாகியது. தட்டணு தன் பங்காளிகளையும் அழைத்தது. அந்தப் போர்வைக்குள்ளேயே அடியில் கிடந்தவை வயிறெங்கும் பரவின.

"ஒண்ணுமில்லைங்க, வாயுதான். ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்றாள் செண்பகவல்லி.

"நாலு மாசமா இதையேதான் சொல்றே" என்றார் கணவர்.

சினைப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார் டாக்டர். அன்று சினைப்பை கேட்டது: "தம்பி, யாரை மூடி வெச்சே?"

தட்டணு, எல்லா உடம்பின் தட்டணுக்களுக்கும் தாயான எலும்பு மஜ்ஜையிடம் போனது.

"அம்மா, இந்த நினைப்போடு என்னால் இருக்க முடியாது. உட்கருவை எடுத்துக்கொள்."

"எடுத்தால் பத்து நாள்தான் இருப்பாய். உன் குலத்தில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது."

"பத்து நாளே அதிகம்."

தாய் எடுத்துக்கொண்டாள். ஆவணி பிறக்குமுன் செண்பகவல்லி இறந்தாள்.

தட்டணுவுக்கு உட்கரு இல்லாமல் போனது அன்று முதல்தான். இருபது வருடம் கழித்து அவள் மகளின் உடம்பில், சினைப்பைப் பக்கமிருந்து, "ஐயோ, காயம்!" என்று ஒரு குரல் வந்தது. தட்டணு ஓடிப்போய் மூடியது. கடைக்குக் கிளம்பிய கணவனிடம் மகள் ஐம்பது கிராம் ஓமம் வாங்கிவரச் சொன்னாள்.