குச்சியை விடாத உடும்பு

காட்டுக் குளத்தங்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் கெட்டிமுத்து என்ற உடும்பு படித்தது. அது ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்! மரக்கிளையானாலும் சரி, சோற்றுத் தட்டானாலும் சரி, யாராலும் பிடுங்க முடியாது. அதில் அதற்கு ஏகப் பெருமை.

விளையாட்டு விழா நெருங்கியது. தொடர் ஓட்டத்துக்கு அணிக்கு மூன்று பேர். முதல் ஆள் மூங்கில் குச்சியோடு ஓடி இரண்டாம் ஆளிடம் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளிடம் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆள் குச்சியோடு முடிவுக்கோட்டைத் தாண்டினால் முடிந்தது.

கெட்டிமுத்துவை இதுவரை எந்த விளையாட்டிலும் யாரும் சேர்த்ததில்லை. இந்தத் தடவை கீரி வடிவும் காட்டுக்கோழி செவந்தியும் சேர்த்துக்கொண்டன. சந்தோஷத்தில் அன்று அதற்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முதல் பயிற்சியிலேயே வந்தது வம்பு. செவந்தி அலகில் கவ்விவந்த குச்சியைக் கெட்டிமுத்து வாங்கிக்கொண்டு ஓடியது. வடிவிடம் நீட்டியது. நீட்டியதே தவிர விடவில்லை!

"விடுடா!" என்று கத்தியது வடிவு.

"விடத்தான் பாக்கறேன்! விரல் கேக்க மாட்டேங்குதே!"

வடிவு இழுத்தது. கெட்டிமுத்து பதிலுக்கு இழுத்தது. குச்சியோடு சேர்ந்து வடிவும் புழுதியில் தரதரவென்று வந்தது. வேடிக்கை பார்த்த எதிரணிக் குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

டிரில் மாஸ்டர் நாரை விசில் ஊதியது. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா ஓடிக் காட்டலைன்னா, நாளைக்கு உங்க அணி கிடையாது!"

கெட்டிமுத்து குச்சியையே பார்த்தது. ஆடக் கிடைத்த ஒரே வாய்ப்பும் கையைவிட்டுப் போய்விடுமோ? கையிலிருந்து போகாதது அந்தக் குச்சி மட்டும்தான்!

மூன்றும் என்னென்னவோ செய்து பார்த்தன. கண்ணை மூடி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணின. செவந்தி தன் இறகால் கெட்டிமுத்துவின் வாலில் கிச்சுகிச்சு மூட்டியது. கெட்டிமுத்து உருண்டு உருண்டு சிரித்தது. ஆனால் பிடி மட்டும் இம்மி தளரவில்லை.

களைத்துப்போய் உட்கார்ந்தபோது கெட்டிமுத்துவுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "கடைசியா ஓடுறவங்க யார்கிட்டயும் குச்சியைக் கொடுக்க வேணாம்ல? அப்ப நான் கடைசியா ஓடறேனே!"

வடிவு துள்ளி எழுந்தது. "அதெல்லாம் முடியாது! கடைசி ஓட்டம் என்னோடது! போன வருஷமும் நான்தான், அதுக்கு முந்தின வருஷமும் நான்தான்! கோட்டைத் தாண்டும்போது எல்லாரும் என் பேரைத்தான் கத்துவாங்க!"

"நீ முதல்ல ஓடினா எடுத்த எடுப்புலயே நாம முந்திடலாமே?"

"முடியாதுன்னா முடியாது!"

கெட்டிமுத்து அதை ஏற இறங்கப் பார்த்தது. "நான் குச்சியைத்தான் விட மாட்டேங்கறேன். நீ இடத்தையே விட மாட்டேங்கறியே! இங்க உடும்பு நானா, நீயா?"

செவந்தி கொக்கரித்துச் சிரித்தது. வடிவு முறைத்தது. பிறகு அதற்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரிடா, எடுத்துக்கோ!" என்றது.

தூங்கும்போது மட்டும்தான் கெட்டிமுத்துவின் பிடி தளரும்; அது குட்டித் தூக்கம் போட்டபோது வடிவு குச்சியை உருவிக்கொண்டது. அன்று சாயங்காலம் மூன்றும் புது வரிசையில் ஓடிக் காட்டின. நாரை தலையாட்டியது.

மறுநாள் போட்டி. விசில் ஊதியதும் வடிவு சிட்டாய்ப் பறந்தது. எதிரணி முயலே மூக்கில் விரல் வைத்தது! வடிவு செவந்திக்குக் கொடுத்தது, செவந்தி கெட்டிமுத்துவுக்குக் கொடுத்தது. கெட்டிமுத்து தத்தித் தத்தி ஓடியது. குரங்கிடம் குச்சி வாங்கிய மான்குட்டியோ பின்னால் பாய்ந்து வந்தது.

முடிவுக்கோடு குளக்கரை மேட்டின் அடியில் இருந்தது. மேட்டு உச்சியில் இரண்டும் சமமாக வந்தன. சரிவைப் பார்த்ததும் மான்குட்டி வேகத்தைக் குறைத்தது. கெட்டிமுத்துவுக்குக் கால் வழுக்கியது! பலாப்பழம்போல் உருண்டது. ஒரு புரளல், இரண்டு புரளல், மூன்றாவது புரளலில் கோட்டையே தாண்டிவிட்டது! எழுந்து பார்த்தால் குச்சி கையில் அப்படியே இருந்தது.

"கெட்டிமுத்து! கெட்டிமுத்து!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது வடிவுதான்.

நாரை பெரிய தாமரைப்பூ ஒன்றைப் பரிசாக நீட்டியது. "ரெண்டு கையாலயும் வாங்கணும்!"

கெட்டிமுத்து திருதிருவென்று விழித்தது. ஒரு கையில்தான் குச்சி இருக்கிறதே! பூவைப் பார்த்தது. குச்சியைப் பார்த்தது.

வடிவு அதன் காதருகே வந்து சொன்னது: "நான் விட்டேன்ல? நீயும் விடுடா!"

கெட்டிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்தது. ஒரு விரல் பிரிந்தது. இன்னொரு விரல் பிரிந்தது. டொக்கென்று குச்சி தரையில் விழுந்தது! போட்டியில் ஜெயித்ததற்குக்கூட அவ்வளவு கைத்தட்டல் இல்லை.

பூவை வாங்கியதும் கெட்டிமுத்து அதை முதலில் வடிவிடம்தான் நீட்டியது. உடனே விட்டும் விட்டது.

எதை இறுக்கிப் பிடிப்பது, எதை எப்போது விட்டுக்கொடுப்பது என்று இடத்துக்குத் தக்கபடி யோசிப்பவர்களுக்கே விளையாட்டும் இனிக்கும், வெற்றியும் கிட்டும்.