தொண்ணூற்றொன்பது இணைப்புகள்

அருமைராஜ் மெயில் சர்வரில் இருந்த நூறு இணைப்புகளையும் ஒரே அடியாகத் துண்டித்தார். திரை காலியானது.

“முடிஞ்சுது டீச்சர். காலையிலேருந்து நூறும் நிரம்பிக் கிடந்துச்சு. இனி புது மெயில் உள்ள வரும்.”

அந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் மெயில் சர்வர் முத்துப்பேச்சியின் பொறுப்பு. ஒரே நேரத்தில் நூறு இணைப்புகளுக்குத்தான் அதில் இடம். அவளுக்கு வயது இருபத்தொன்பது. அருமைராஜுக்கு ஐம்பத்து நான்கு. ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் பிரிவிலிருந்து போன மாதம்தான் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

போன் அடித்தது. பேசி முடித்து அவள் திரும்பினாள்.

“மலை மேல ஆஸ்பத்திரி, அண்ணாச்சி. கட்டியோட படம் அனுப்பிக்கிட்டு இருந்தாங்களாம். முக்கால்வாசியில அறுந்துபோச்சாம். நம்ம டாக்டர் பார்த்துச் சொன்னாத்தான் மூணு மணிக்கு ஆபரேஷன்.”

மணி பன்னிரண்டரை.

“அதுவும் சும்மாதானே நின்னுச்சு?”

“அவங்க லைன் மெதுவு.”

“அப்போ மத்த தொண்ணூத்தொன்பது?”

“யாருன்னு நீங்களே பாருங்க.”

பார்த்தார். சர்வரின் பதிவேட்டின்படி அத்தனையும் ஒரே கணினியிலிருந்து வந்தவை. டாக்டர்களுக்கு ரிப்போர்ட் அனுப்ப அவர் எழுதிய புரோகிராம் அதில்தான் ஓடியது. வாழ்நாளில் அவர் எழுதிய முதல் புரோகிராம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாரிடம்கூடச் சொல்லியிருந்தார்.

“இதைத் தூக்கிப் போட்டுருவீங்களா டீச்சர்?”

அவள் புரோகிராமை நிறுத்தி வைத்தாள். படத்தை மறுபடி அனுப்பச் சொல்லப் போனை எடுத்தாள். அருமைராஜ் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் கீழே போனார். எப்போதும் அப்படித்தான் போவார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அவருடைய நாற்காலிக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் தட்டு போட்டு மூடிய டீ.

“படம்?”

“பாதி வந்திருக்கு.”

தட்டைத் தூக்கினார். டீயில் ஆடை படிந்திருந்தது.

“நான் கீழேயே குடிச்சிட்டேனே. ஃபேன் வேற ஓடுது. நாற்காலிக்கு வேர்க்குமா டீச்சர்?”

“எங்க போறீங்கன்னு சொல்லலையே. இந்தா வந்துருவீங்கன்னு விட்டுவச்சேன்.”

அருமைராஜ் உட்கார்ந்தார்.

“என் புரோகிராம் ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டு, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருது. அப்படித்தானே?”

“ஆமா.”

“அதுக்காக இந்தச் சர்வர் வாசலைத் திறந்து வச்சுக்கிட்டே கிடக்குமா? போனவன் போயிட்டான்னு தெரிய வேண்டாமா?”

“போனவங்களும் பேசலை. மலையிலேருந்து வந்துக்கிட்டு இருக்கிறவங்களும் பேசலை. எதை நம்பி அது கதவைச் சாத்தும் அண்ணாச்சி?”

இரண்டு இருபதுக்குப் படம் வந்து சேர்ந்தது. டாக்டரின் பதில் மலைக்குப் போனது. அருமைராஜ் தன் புரோகிராமைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அவள் அதை மறுபடி ஓடவிட்டாள். ஆறிப்போன டீயை அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் நின்றார். திரும்ப ஏறி வந்து கதவருகே நின்றார்.

“வாரேன் டீச்சர்.”

“சரி அண்ணாச்சி.”

அவர் நான்காம் படியில் கால் வைத்தபோது, உள்ளே ஃபேன் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது.