ஓநாய்த் தோல் போர்த்திய தளபதி

"இந்தத் தோல் குளிருக்குப் போடுவதில்லைடா, அடிதடிக்கு நடுவில் நம்ம ஆட்கள் கண்ணில் படணும்..." என்று படைக்குக் கொம்பு ஊதிய பழைய கொம்பூதி இப்படி என்னவோ சொல்வார். மிச்சம் நேவியுஸுக்கு மறந்துவிட்டது.

ரோமப் படை ஆற்றங்கரையில் நின்றது. அக்கரையில் எதிரிகள். இப்போதைய கொம்பூதியான நேவியுஸின் தலைக்கவசத்தின்மேல் பல்லோடு கூடிய ஓநாய்த் தலை; தோல் முதுகில் தொங்கியது. ரோமிலிருந்து புதிதாக வந்திருந்த தளபதி கல்வினுஸ் குளிரில் நடுங்கிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"ஊதுகிற பயலுக்கு ஓநாய்த் தோல், எனக்குக் கம்பளியா? கழற்று. மாட்டேன் என்றால் தோலோடு தலையும் போகும்."

நேவியுஸ் கழற்றி, தானே தளபதியின் தலையிலும் முதுகிலும் போர்த்தி, தோலின் வாரையும் இறுக்கினான். பிறகு புறப்பாட்டுக்கு முன் ஊதும் ஒற்றை ஒலியை ஊதினான். வீரர்கள் கேடயங்களைத் தட்டத் தொடங்கினார்கள்.

"எதற்கு இந்தச் சத்தம்?"

"ஐயா இறங்கப் போகிறீர்களே, அதற்குத்தான். ஓநாய்த் தலை முதலில் தண்ணீரில் இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் பின்னால் வருவார்கள். இங்கே அதுதான் வழக்கம்."

"நீ இறங்கு. நான் பின்னால் நிற்கிறேன்."

"நில்லுங்கள் ஐயா. ஆனால் ஓநாய் பின்வாங்கினால் படையும் பின்வாங்கும். ஏன் ஓடினீர்கள் என்று ரோமில் கேட்டால், ஓநாய் ஓடியது, நாங்களும் ஓடினோம் என்பார்கள். அது யார் தலையில் இருந்தது என்றும் கேட்பார்கள்."

அக்கரையிலிருந்து வந்த அம்பு தளபதியின் காலருகே குத்தி நின்றது. முன்வரிசையில் ஒருவன், "தண்ணீர் அவ்வளவு சில்லென்று இல்லை ஐயா" என்றான்.

கல்வினுஸ் வாரை அவிழ்த்தார்.

"நாற்றம் தாங்கவில்லை."

தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேட்டிலுள்ள கூடாரத்திலிருந்தே போரை நடத்துவதென்று முடிவு செய்தார்.