மோர் விடாத பந்தி

ஐரோப்பாவின் வடக்கே, பனி கொட்டும் ஒரு நகரத்தில், பழைய சலவைக் கடை ஒன்றைப் பிரார்த்தனை மடமாக்கி வைத்திருந்தார் திலகேஸ்வரி அம்மா. திங்கட்கிழமை மத்தியானம் அங்கே யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. எல்லாருக்கும் ஒரே பந்தி. கடைசியில் மோர் விடுவார்கள். மோர் விடுமட்டும் ஒருவரும் எழும்பவும் கூடாது, ஒருவரை எழுப்பவும் கூடாது. அது மடத்து வழக்கம்.

தவராசா அம்மாவின் சீடர். டிராம் ஓட்டுகிறவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று அவருடைய மகள் அபிராமி அங்கே நின்றாள். ஒரு கால் போய்விட்டது.

சமையலறையில் வைத்து அவர் கேட்டார்.

"அம்மா, குண்டு வைக்கிறவனுக்கும் உரிமை இருக்காம். பேப்பரில எழுதுறாங்கள். இது என்ன நியாயம்?"

"மோர் வாளியைத் தூக்குங்கோ அண்ணை. பந்தி தொடங்கப் போகுது."

தேவாரம் பாடி, சோறு போட்டார்கள். பந்தியின் நடுவில் இத்ரீஸ் இருந்தான். சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறவன். தேங்காய்ப்பால் குழம்புக்குச் சொல்லும் சொதி என்ற ஒரு சொல்லைத் தவிர அவனுக்குத் தமிழ் தெரியாது.

கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள்.

"சப்பாத்தைக் கழற்றிப் போட்டு வாங்கோ" என்றார் அம்மா, அந்த ஊர் மொழியில்.

கழற்றினார்கள். பெரிய அதிகாரியின் ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது.

"இத்ரீஸ் எங்களோடு வரவேண்டும்" என்றார் அவர். "ரயில் நிலையக் குண்டுக்காக நாங்கள் தேடும் ஆட்கள் இருந்த கட்டடத்தில்தான் இவனும் குடியிருக்கிறான்."

"நீதிபதி தந்த கடிதம் இருக்கோ?"

"இந்த நாட்களில் அது தேவையில்லை."

"எங்கே கொண்டுபோவீர்கள்?"

"சொல்ல முடியாது."

"எப்போது விடுவீர்கள்?"

"அதுவும் சொல்ல முடியாது."

இத்ரீஸின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"சாப்பிடுகிறவரை எழுப்புகிற வழக்கம் இங்கே இல்லை" என்றார் அம்மா.

"சரி, சாப்பிட்டு முடிக்கட்டும். நாங்கள் காட்டுமிராண்டிகள் இல்லை."

"நல்லது. மோர் விட்டால்தான் சாப்பாடு முடியும்."

அதிகாரி தலையாட்டினார். அம்மா உள்ளே போய் வக்கீலுக்குப் போன் எடுத்து, உடனே வரச் சொன்னார். வெளியே வந்து, "ஆருக்குச் சோறு வேணும்?" என்று தமிழில் கேட்டார்.

பந்தி விளங்கிக்கொண்டது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"எனக்குச் சீனி வருத்தம். எண்டாலும் இண்டைக்குப் போடு மோனை" என்றார் மூலையில் இருந்த பூரணம் மாமி. "போன கிழமை அவிச்சதைவிட இது குழைவு. ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் சாப்பிடவேணும்."

சோறு வந்தது. பருப்பு வந்தது. மறுபடியும் சோறு வந்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தவராசாவின் கையைப் பார்த்தார்.

"அந்த வாளியில் என்ன?"

"மோர்" என்றார் தவராசா.

"அப்படியானால் ஊற்றுங்கள்."

தவராசா நடந்தார். இத்ரீஸுக்கு முன்னால் போய் நின்றார். அகப்பையை வாளிக்குள் விட்டார். அம்மா தடுக்கவில்லை. இத்ரீஸுக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா" என்றார் அதிகாரி. "உங்களையும் கொண்டுபோக எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது."

"எனக்கும் இன்னும் மோர் விடவில்லை."

தவராசா அகப்பையை வாளிக்குள்ளேயே நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, என்ர பிள்ளையின்ர கால்..."

"தெரியும் அண்ணை. அந்தக் காயத்தை நானும்தான் கழுவினனான்."

"இவன்தான் செய்தவன் எண்டால்?"

"கடிதத்தோட வந்து, நீதிபதிக்கு முன்னால காட்டட்டும். நானே கையைப் பிடிச்சு இவனைக் கூட்டிக்கொண்டு போறன்."

"எல்லாரும் பயந்துபோய்க் கிடக்கிற நேரம் அம்மா. ஆரையாவது பிடிக்கத்தானே வேணும்!"

"ஆரையாவதோ?"

இத்ரீஸ் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அபிராமிக்குக் குடுக்கவேண்டியது செய்தவனை, அண்ணை. அகப்பட்டவனை இல்லை."

தவராசா அகப்பையை வெளியே எடுத்தார். வாளியை மூடினார். இத்ரீஸின் மற்றப் பக்கத்தில் போய்ச் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.