முதலியாருக்குக் கிடைக்காத வார்த்தை

கீழப்பாடி ஜமீன் மேனேஜர் சிங்காரவேலு முதலியார் இங்கிலீஷில் புலி. குமாஸ்தாக்கள் ஒரு கமாவை மாற்றி வைத்தாலும் குதறிவிடுவார்.

ஐப்பசி மழையில் பெரிய ஏரியின் கரை கசிய ஆரம்பித்தது. கலெக்டருக்குத் தந்தி கொடுக்க வேண்டும். 'ஏரி உடையப் போகிறது, ஆகையால் ஆட்களை அனுப்பவும்' என்று இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தார் முதலியார். அந்த 'ஆகையால்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஸோ போட்டா மட்டமா இருக்கு. தேர்ஃபோர்னா கோர்ட்டு வாடை அடிக்குது. ஹென்ஸா? தஸ்ஸா?"

குமாஸ்தாக்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவனெல்லாம் திட்டு வாங்கினான். அதற்குள் கசிவு வாய்க்காலாகிவிட்டது.

"எசமான், தந்தி?" என்றான் பியூன் சடையன்.

"பொறுடா, வார்த்தை வரட்டும்!"

சடையன் நைசாக நழுவித் தபாலாபீசுக்கு ஓடினான். "ஜமீன்லேருந்து கலெக்டருக்கு, ஏரி உடையுது, ஆள் அனுப்புங்கன்னு அடிங்க சாமி. நடுவுல ஏதோ ஒரு வார்த்தை வேணுமாம். எதுன்னுதான் தெரியல."

"தந்தியில அதெல்லாம் யாருய்யா போடுறா?" என்று போஸ்ட்மாஸ்டர் அடித்துவிட்டார்.

சாயங்காலமே மணல் மூட்டைகளோடு ஆட்கள் வந்தார்கள். கரை பிழைத்தது.

மறுநாள் கலெக்டரே வந்து, "உங்கள் தந்தி பிரமாதம்!" என்றார். முதலியார் திருதிருவென்று முழித்தார். வாசலில் சடையன் தலையைச் சொறிவதைப் பார்த்ததும் அவன் வேலைதான் என்று புரிந்தது. ஆனாலும் பெருமையை விடுவாரா? "எல்லாம் அந்த ஒரு வார்த்தையோட மகிமைங்க" என்றார்.

"எந்த வார்த்தை?"

முதலியார் சடையன் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "எதைடா அனுப்பினே?"

சடையன் கைகட்டி நின்றான். "எசமான் இன்னும் முடிவு பண்ணலீங்களே. இப்பச் சொல்லுங்க, ஓடிப்போய் அதையும் அனுப்பிட்டு வந்துடறேன்."