ராஜாவை நனைத்த மூன்று இலாகாக்கள்

ஆறு தன் இஷ்டத்துக்குக் கரை புரண்ட ஒரு காலத்தில், மருதவளம் என்னும் நாட்டைச் சிம்மகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அவனுக்கு மந்திரியாக வாய்த்தவர் செவ்வந்தியப்பர். பாவம், அந்தப் புரட்டாசி முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷ வெள்ளத்தில் குயவர் தெரு முழுக்கப் போய்விட்டது. நாற்பது குடும்பங்கள் ஒழுகுகிற மண்டபத்தில் கிடந்தன. ராஜா வீடு கட்டித்தரச் சொல்லிப் பத்து மாதமாகியும் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. மரத்துக்கு ஓர் இலாகா, செங்கல்லுக்கு ஓர் இலாகா, கூரைக்கு இன்னோர் இலாகா. "சுவர் எழும்பட்டும், வாசல் நிலைக்கு மரம் தருகிறேன்" என்பார் மர அதிகாரி உத்தண்டி. "நிலை நிற்காமல் எங்கே சுவர் எழுப்ப?" என்பார் செங்கல் அதிகாரி. கூரை அதிகாரி இருவரையும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுவார்.

மண்டபத்தில் அங்கம்மாளின் மகளுக்கு நிறைமாதம். "மழைக்கு முன்னால ஒரு கூரை கெடைச்சிருமா சாமி?" என்று அங்கம்மாள் தினமும் கேட்பாள். மந்திரி மறுபடியும் மூன்று இலாகாவுக்கும் நடையாய் நடப்பார்.

ஒருநாள் சபையில் சொல்லியேவிட்டார். "மகாராஜா, மூன்றையும் ஒரே இலாகாவாக்குங்கள். ஒரே முத்திரை போதும்."

உத்தண்டி துள்ளி எழுந்தார். "எல்லாச் சாவியும் மந்திரி இடுப்பில் தொங்க வேண்டுமாம்! இது தங்கள் தகப்பனார் வைத்த முறை, பிரபு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்பா வைத்த முறையில் குற்றமா? வெள்ளிக்கிழமை பவனிக்குள் நிரூபியும். இல்லையென்றால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டும்."

"உத்தரவு. பவனிக்கு முன் கொற்றக்குடையைப் பிரித்துப் புதுப்பிப்பது வழக்கம். இந்த வருஷம் அதையும் இதே முறைப்படி செய்யட்டுமா?"

"தாராளமாக!"

அவ்வளவுதான். குடைக்காம்பு உத்தண்டியிடம் போனது, கம்பிகள் செங்கல் அதிகாரியிடம், பட்டு கூரை அதிகாரியிடம். முறை என்றால் முறைதான். மற்றவர் பொருள் வந்து நிற்காமல் யாரும் தம் பொருளைத் தரவில்லை. தந்தால் மந்திரி ஜெயித்துவிடுவாரே என்று உத்தண்டிக்குப் பயம். வானம் வெளுத்துக் கிடக்கிற தைரியம் வேறு.

செவ்வந்தியப்பர் பாடுதான் திண்டாட்டம். மழை பெய்தால்தான் ராஜாவுக்கு உறைக்கும். பெய்தால் அங்கம்மாளின் மகள் நனைவாள். அண்ணாந்து பார்ப்பார், மழை வரட்டும் என்றே வேண்டிக்கொள்வார். தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பவனி மண்டபத்தருகே வந்தபோது சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை.

"எங்கே குடை?" ராஜா அலறினான்.

"கம்பி பொருத்தியாகட்டும் பிரபு, காம்பு தயார்!" என்றார் உத்தண்டி.

"காம்பு இல்லாமல் கம்பியை எதில் பொருத்த?" என்றார் செங்கல் அதிகாரி.

"இரண்டும் வரட்டும், பட்டு என் கையிலேயே இருக்கிறது" என்றார் கூரை அதிகாரி. பட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நனைவது நானடா!"

மண்டபத்திலிருந்து அங்கம்மாள் ஓடிவந்தாள். தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியைக் கழற்றி ராஜாவுக்குப் போர்த்தினாள். "போட்டுக்கங்க ராசா. எங்களுக்கு நனைஞ்சு பழக்கம்."

ராஜா மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தான். அவளுடைய மகள் ஒழுகாத மூலை தேடி, வயிற்றை அணைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்தாள்.

"இன்றோடு மூன்று இலாகாவும் ஒன்று" என்றான் மெதுவாக. "அதற்குச் செவ்வந்தியப்பரே தலைவர். கடைசி வீட்டுக்குக் கூரை ஏறும்வரை அதிகாரிகள் நீங்கள் மூவரும் இந்த மண்டபத்தில்தான் குடியிருக்க வேண்டும்." தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். உத்தண்டி தலையைத் தொங்கப்போட்டார்.

அப்புறம் பாருங்கள், பதினெட்டே நாளில் நாற்பது வீடும் எழும்பிவிட்டன! அங்கம்மாளின் மகளுக்குக் காய்ச்சல் வந்து, எல்லோரையும் கதிகலங்க வைத்து, ஒருவழியாகத் தணிந்தது. புது வீட்டில் சுகப்பிரசவம்.

பார்க்கப் போன மந்திரிக்கு மனசு பொறுக்கவில்லை. "அம்மா, அன்றைக்கு மழை வரணும் என்று வேண்டிக்கொண்டவன் நான்தான்."

அங்கம்மாள் பேரப்பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"மழை வரக்கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன் சாமி. அந்த ஆண்டவனுக்கும் மந்திரி சொல்றதுதான் காதுல விழும்போல."