இரண்டால் பெருக்கிய இடம்

மலையடிவாரத்தில் ஒரு ஆய்வு நிறுவனம் இருந்தது. கீழ்மாடியில் நட்சத்திரங்களைக் கணக்கிடுகிறவர்கள், மேல்மாடியில் துகள்களைக் கணக்கிடுகிறவர்கள். நட்சத்திரம் கீழேயும் துகள் மேலேயுமா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்களாம். இட நெருக்கடி என்று பதில் வருமாம்.

கீழ்மாடியில் திருமலைக்கொழுந்து என்றொரு பேராசிரியர். அவரிடம் நசீமா என்றொரு ஆய்வு மாணவி, ஐந்தாம் வருஷம். வெடிப்பில் பிறந்த நட்சத்திரம் நியூட்ரினோ துகள்களை வெளியே விட்டு எவ்வளவு சீக்கிரம் குளிரும் என்பதுதான் அவள் கணக்கு. வந்த விடை, பேராசிரியர் இருபது வருஷத்துக்கு முன் எழுதிய விடையில் சரிபாதி. உலகம் முழுக்க அந்தப் பழைய எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

ஏழு மாதம் தன் தப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் பாக்கி. ஒருநாள் காலை அவர் அறைக்குப் போனாள்.

"உங்க எண்ணோட பொருந்திடுச்சு சார்."

அவர் தாள்களைப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் புதிதாக ஒரு இரண்டு உட்கார்ந்திருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

நியூட்ரினோ இரண்டு விதமாகச் சுழலும், அதற்காகப் பெருக்கியது என்றாள். கொஞ்சம் நின்று, "உங்க பேப்பர்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றாள்.

அவர் அந்த இரண்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, வெள்ளிக்கிழமை பலகையில் போடச் சொன்னார்.

அங்கே வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழக்கம். கையில் தாள் கிடையாது, திரை கிடையாது, ஒரு சாக்பீஸ் மட்டும். இரண்டு மாடியும் வந்து உட்காரும். யாரும் எந்த வரியிலும் நிறுத்தலாம். நிறுத்தினால், விளக்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அழுதவர்கள் உண்டு.

நசீமா ஒரு மணி நேரம் எழுதினாள். இரண்டைப் போட்டாள். மேல்மாடி இசக்கிமுத்து கையைத் தூக்கினான்.

"எலக்ட்ரானுக்கு ரெண்டு, சரி. நியூட்ரினோவுக்கும் ரெண்டா? கீழ்மாடியில வேற நியூட்ரினோ வச்சிருக்கீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார். சிரிக்கவில்லை. அவளுக்கு உதவவும் இல்லை.

பதில் அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஏழு மாதமும் அந்தப் பக்கத்தில் இரண்டு இல்லை.

உள்ளங்கையால் அதை அழித்தாள்.

"நியூட்ரினோ ஒரே விதமாத்தான் சுழலும். ஒண்ணுதான்."

இசக்கி விடவில்லை. இன்னும் மூன்று இடத்தில் நிறுத்தினான். மூன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசி வரியில் பழைய எண்ணில் பாதி வந்து நின்றது. அப்படியென்றால் பழையது என்ன ஆகும் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அது தப்பு" என்றாள்.

முதலில் மேல்மாடிக்காரர்கள் பாராட்டி மேசையைத் தட்டினார்கள். பிறகு கீழ்மாடியும் தட்டியது. சத்தம் அடங்க நேரம் ஆனது.

எல்லோரும் போன பிறகும் அவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள். கையெல்லாம் வெள்ளை. பேராசிரியர் மெதுவாக எழுந்து வந்தார்.

"உங்க பேப்பர் தப்புன்னு நான் எப்படி சார் எழுதறது?"

"முதல் வரியில எழுதும்மா. கடைசியில எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."